வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்

போன வாரம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பி.காம். முடித்த மகள். அப்பாவின் மஞ்சள் பையில் வீட்டுப் பத்திரத்தின் நகல். மகளுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்சி. கார்ப்பரேட் ஃபைனான்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "கடன் வாங்கியாவது அனுப்பு, ரெண்டே வருஷத்துல அடைச்சிடலாம்" என்று தாய்மாமா தினமும் போன் செய்கிறாராம். "பயமா இருக்குங்க மேடம். ஆனா சொந்தக்காரங்க முன்னாடி வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் தைரியம் சொன்னேன். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன்.

28 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 37,800 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது 45 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கிற காலத்திலேயே மாதம் 24,500 ரூபாய் வட்டி ஏறும். அப்பாவின் மொத்தச் சம்பளமே அந்தத் தவணையை ஒட்டித்தான் வருகிறது.

பவுண்டில் சம்பாதித்து அடைக்கலாம் என்பது மாமாவின் கணக்கு. ஆனால் படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடுவதற்கான கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். வேலை அனுபவமே இல்லாத 21 வயதுப் பெண்ணுக்காக இருக்கிற ஒரே வீட்டை இதில் வைக்காதீர்கள் என்று நேராகவே சொல்லிவிட்டேன். மாமா வருத்தப்பட்டால் படட்டும். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

எம்.பி.ஏ., சி.ஏ. பற்றி ஊரே சொல்லியிருக்கும், அதற்குள் நான் போகவில்லை. பெண்ணிடம் கேட்டேன்: "எந்தக் கணக்குல உட்கார்ந்தா உனக்கு நேரம் போறதே தெரியாது, கண்ணு?" தயங்கித் தயங்கி ஒரு நோட்டை எடுத்தாள். அப்பா கணக்கு பார்க்கும் பெருந்துறை சாயப்பட்டறையில் விடுமுறைக்குப் போய் எழுதியது. ஒரு கிலோ துணிக்குச் சாயம், உப்பு, விறகு, தண்ணீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று தனித்தனியாகச் செலவு. கேட்ட நிறம் (ஷேடு) சரியாக வராமல் திரும்பச் சாயம் ஏற்றிய லாட்டுகள் மட்டும் சிவப்பு மையில். அவற்றில் லாபமே நிற்கவில்லை என்பதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள்!

இந்தப் பெண்ணுக்கு உரிய படிப்பு சி.எம்.ஏ. ஒரு பொருளைத் தயாரிக்க ஆகும் செலவை, அதாவது அடக்கவிலையை, கணக்கிட்டு நிர்வகிக்கக் கற்றுத்தரும் தொழில்முறைப் படிப்பு. இதை நடத்தும் இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. பி.காம். முடித்தவர் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலையை எழுத வேண்டாம். நேரே அடுத்த நிலையான இன்டர் சேரலாம். இன்டரில் 8 தாள், ஃபைனலில் 8 தாள். ஃபைனலில் வரும் 'ஸ்ட்ராட்டஜிக் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்' தாளைப் புரட்டிப் பாருங்கள்: எந்த முதலீட்டில் பணம் போடலாம், ரிஸ்க்கை எப்படிச் சமாளிப்பது என்று அவள் லண்டனில் படிக்க நினைத்ததில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடுவதை விருப்பத் தாளாகவே எடுக்கலாம். இதோடு 15 மாதம் நேரடிப் பயிற்சி. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 148-இன்படி காஸ்ட் ஆடிட், அதாவது நிறுவனங்களின் உற்பத்திச் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை இவர்களுக்குத்தான். சிமென்ட், சர்க்கரை, மருந்து, ஜவுளி எல்லாம் அந்த விதிகளுக்குள் வருகின்றன. ஈரோட்டைச் சுற்றி ஆலைகளுக்கா பஞ்சம்?

இன்டர், ஃபைனல் இரண்டுக்கும் சேர்த்துப் பதிவுக் கட்டணம் ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான். தேர்வுக் கட்டணம் தனி. "பி.ஜி. இல்லையே" என்று உறவுக்காரர்கள் கேட்டால், 2021-லேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இதை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றுவிட்டது என்று சொல்லுங்கள்.

சுலபமான படிப்பு என்று சொல்லமாட்டேன். தாள்களைக் குரூப்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஒரு குரூப்பை இரண்டு மூன்று முறை எழுதிச் சோர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவள் தோற்றாலும் திரும்ப எழுதலாம், வீடு கையில் இருக்கும். நான்கைந்து வருட அனுபவத்துக்குப் பிறகும் லண்டன் ஆசை இருந்தால், அவள் சேமிப்பில் போகட்டும்.

டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31-க்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் ஒரு நாள் சென்னை எழும்பூரில் இருக்கும் தென்மண்டல அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போய், பாடத்திட்டத்தை அவளே படித்துப் பார்க்க விடுங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.