தம்பி கல்லூரியை விட்டுவிட்டு பெங்களூரு சூப்பர் டிவிஷனில் கால்பந்து ஆடப் போகிறேன் என்கிறான். அதை வைத்துப் பிழைக்க முடியுமா? ஒரு சீசன் எப்படி இருக்கும்?

இந்த லீக்கைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். உள்ளே இருக்கும் எங்களுக்கு அதற்கு முந்தின கேள்வி ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை மதியம் அசோக் நகர் ஸ்டேடியத்துக்கு வர முடியுமா?

நான் கௌதமபுரத்துக்காரன். அல்சூர் பக்கம், தமிழ் பேசுகிற பேட்டை. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பெலேவுக்கும் சிலை வைத்த தெரு எங்களுடையது. ஏ டிவிஷனில் ஆடி, பிறகு சூப்பர் டிவிஷனில் ஒரு தனியார் கிளப்புக்கு ரைட் பேக் ஆடினேன். இப்போது அதே கிளப்பில் பொடியன்கள் அணிக்கு மேனேஜர். சம்பளம் வருவது வேறு வேலையிலிருந்து.

மாவட்டக் கால்பந்து சங்கம் நடத்தும் லீகில் மேலே சூப்பர் டிவிஷன், அதற்குக் கீழே ஏ, பி, சி. மாவட்ட லீக் என்று பெயர் இருந்தாலும், கர்நாடகாவின் முதல் நிலை லீக் என்பது இந்த சூப்பர் டிவிஷன்தான். பெரும்பாலான ஆட்டங்கள் மக்ராத் ரோட்டில் இருக்கும் அந்த ஒரே ஸ்டேடியத்தில். இத்தனை அணிகளை ஒரே மைதானத்தில் அடக்க வேண்டும் என்றால் சனி, ஞாயிறு போதாது. அதனால் வார நாட்களில், மதியம் ஒரு மேட்ச், மாலையில் ஒரு மேட்ச். ஆபீஸில் இருப்பவன் எப்படி வருவான்?

ஒரு காலத்தில் இதற்குப் பதில் இருந்தது. ஆபீஸே அணி வைத்திருந்தது. விமானம் செய்யும் எச்.ஏ.எல்., டெலிபோன் கம்பெனி ஐ.டி.ஐ., அரசுக் கணக்குத் தணிக்கை செய்யும் ஏ.ஜி. ஆபீஸ், அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் எம்.இ.ஜி., ராணுவத்துக்குச் சரக்கு சேர்க்கும் ஏ.எஸ்.சி. என்று வரிசையாக டிபார்ட்மென்ட் டீம்கள். எம்.இ.ஜி. என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. ராணுவத்தில் அவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். டிபார்ட்மென்ட் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம், பிராக்டிஸுக்கு அனுமதி, காயம்பட்டால் மருத்துவம், ஆடி முடித்த பிறகு பென்ஷன் வரைக்கும் வேலை. சும்மா பெயருக்கு வைத்திருந்த அணிகளும் இல்லை. ஐ.டி.ஐ. தேசிய லீகில் ஆடியது, அதன் இடத்தில் பிறகு வந்த ஐ-லீக் வரைக்கும் எச்.ஏ.எல். போனது. எங்கள் அப்பா தலைமுறையில் பந்து நன்றாக ஆடும் பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

அந்த வேலைகள் இப்போது சுருங்கிவிட்டன. அணிகள் சில இன்னும் ஆடுகின்றன, புதிதாக ஆள் எடுப்பதுதான் அரிது.

அந்த இடத்துக்குத் தனியார் கிளப்புகள் வந்தன. சவுத் யுனைடெட், கிக்ஸ்டார்ட், எஃப்.சி. பெங்களூரு யுனைடெட் எல்லாம் அந்த வகை. பெங்களூரு எஃப்.சி.யின் ரிசர்வ் அணியும் இதே லீகில் ஆடியிருக்கிறது. இந்த மாதிரி அணிகளில் மணிப்பூர், மிசோரம், கேரளத்திலிருந்து வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் நிறைய. கிளப் கொடுத்த அறையில் தங்கி, காலையில் பயிற்சி, மதியம் தூக்கம், வேளைக்குச் சாப்பாடு. அவர்களை முழுநேர ஆட்டக்காரர்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். காலையில் வேலைக்குப் போய்விட்டு, வெயிலில் பைக்கில் வந்து, கார் பார்க்கிங்கில் வாழைப்பழம் தின்றுவிட்டு இறங்குகிறவன்தான் அவர்களை மார்க் பண்ண வேண்டும். அறுபது நிமிடம் வரை சமாளிக்கலாம். அப்புறம் செயற்கைப் புல்லின் சூடு ஸ்டட் வழியாக ஏறும், கால் கனக்கும். எதிரே இருக்கும் விங்கருக்கு அப்போதுதான் உற்சாகம் பிறக்கும். சறுக்கி டாக்கிள் போட்டால் தொடைத் தோல் உரியும், குளிக்கும்போது தெரியும்.

பணத்துக்கு வருகிறேன். கிளப்பைப் பொறுத்து மாதம் இவ்வளவு என்று ஒப்பந்தம் இருக்கலாம், மேட்சுக்கு இவ்வளவு என்றும் இருக்கலாம். எனக்குக் கிடைத்ததில் பெட்ரோல், முட்டை, ஒரு ஜோடி ஸ்டட் போனால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. லீக் வருடம் முழுவதும் நடப்பதும் இல்லை. அதனால் சீசன் நடுவே சில பேருக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். கேரளத்தில் மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அங்கே ராத்திரி லைட்டில் ஆட்டம், கையோடு காசு. கூட்டமைப்பு அங்கீகரிக்காத ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். கோச்சுக்கும் தெரியும், ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிப்பார்.

என்னோடு ஆடிய ஒரு மிட்ஃபீல்டர் சாப்பாடு டெலிவரி செய்து கொண்டிருந்தான். மதிய நேர ஆர்டர்களை முடித்துவிட்டு ஆப்பை அணைப்பான், மேட்ச் ஆடுவான், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி ஆன் செய்வான். "யார்கிட்டயும் லீவு கேக்க வேணாம் மச்சா" என்பான். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இன்று இருக்கும் டிபார்ட்மென்ட் வேலை இதுதான் என்று அப்போது தோன்றியது. ஒரு மேட்சில் கணுக்கால் திரும்பியது. ஆடவும் முடியவில்லை, பைக் ஓட்டவும் முடியவில்லை. இரண்டு வருமானமும் ஒரே சாயங்காலம் நின்று போயின. ஸ்கேன் செலவுக்கு நாங்கள்தான் வாட்ஸ்அப்பில் பணம் திரட்டினோம்.

மேலே போக வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2023-24 நிலவரப்படி மாநில லீகிலிருந்து ஐ-லீக் 3, அங்கிருந்து ஐ-லீக் 2, அப்புறம் ஐ-லீக். ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு அந்த ஒரே சீசனிலேயே இந்த ஏணியில் மடமடவென்று ஏறி ஐ-லீக்குக்குத் தகுதி பெற்றது. ஆனால் கிளப் ஏறும்போது ஆட்டக்காரனும் கூடவே ஏறுவான் என்று நினைக்காதீர்கள். மேலே போகும் கிளப் முதலில் தேடுவது புது ஸ்ட்ரைக்கரையும், பின்வரிசையில் தடுக்கும் புது ஸ்டாப்பரையும்தான்.

உங்கள் தம்பிக்கு என் கணக்கில் நல்ல வழி சந்தோஷ் டிராபி, அதாவது மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகா கோப்பையை எடுத்தது. மைசூர் மாநிலமாக இருந்தபோது 1968-69இல் வென்றதற்குப் பிறகு 54 வருடக் காத்திருப்பு அது. மாநில அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் கண்ணில் பட இந்த லீக் நல்ல இடம்.

இன்னொன்றும் இருக்கிறது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு மாநில அணியில் ஆடிய சான்றிதழ் செல்லும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சான்றிதழும் செல்லும். கிளப்புக்காக லீக் ஆடினேன் என்பதை மட்டும் காட்டி அங்கே நிற்க முடியாது. கல்லூரியை விட்டால் அந்த இரண்டாவது கதவை அவனே சாத்திக் கொள்கிறான். டிகிரி படித்துக் கொண்டே சூப்பர் டிவிஷன் ஆடும் பையன்கள் எங்கள் கிளப்பிலேயே இருக்கிறார்கள். அட்டெண்டன்ஸ் விஷயத்தில் கல்லூரியின் பி.டி. மாஸ்டரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கையெழுத்துப் போடும் முன் கிளப்பிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். காயம்பட்டால் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் யார் பணம் கட்டுவார்கள்? சீசன் முடிந்து வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) தருவார்களா? இரண்டையும் எழுத்தில் வாங்கிக் கொள்ளட்டும்.