கேபின் க்ரூ வேலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏர்ஹோஸ்டஸ் ஆக ஆசைப்படுகிறாள். ஒரு பயிற்சி நிலையத்தில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா? சம்பளம் எப்படி?
– ஒரு தாய், மதுரை

பதில்: கட்டாதீர்கள். பிளஸ் டூ தேர்ச்சி, 18 வயது, நிறுவனம் கேட்கும் உயரம் (பெண்களுக்குப் பெரும்பாலும் 155 செ.மீ.), தடுமாறாத ஆங்கிலம், ஓரளவு இந்தி. நேர்காணலுக்கு இவ்வளவு போதும். சீருடைக்கு வெளியே பச்சை குத்தியது தெரிந்தால் பொதுவாகக் கழித்துவிடுவார்கள். தீயணைப்பு, முதலுதவி, அவசர வெளியேற்றம் எல்லாம் தேர்வான பிறகு விமான நிறுவனமே கற்றுத்தரும்; கையில் டிப்ளமா இருந்தாலும் மறுபடி படித்தே ஆகவேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் அதற்குச் செலவிடுங்கள். வேலையில் சேரும்போது இத்தனை காலம் இருப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டில் கையெழுத்துப் போடுமுன், பாதியில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

சம்பளத்தில் அடிப்படை ஒரு பங்கு. மீதி பறந்த மணிக்கான படி, வெளியூரில் தங்கும் படி. விமானம் நிறுத்தத்தைவிட்டு நகரும்போது மணிக்கணக்கு தொடங்கி, போய் நின்றதும் முடியும். பயணிகளை ஏற்றி இறக்கும் நேரம் பல நிறுவனங்களில் கணக்கில் வராது. அதனால் ஒரே நாளில் நான்கு குட்டிப் பயணம் போனவர், ஒரு நீண்ட பயணம் போனவரைவிட அதிகம் அல்லாடிக் குறைவாக வாங்கலாம். பத்து நாள் காய்ச்சலில் படுத்தால் அந்தப் பத்து நாள் படி போச்சு. கடன் வாங்கினால் மாதத் தவணையை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்குங்கள்.

கேள்வி: உடம்பு தாங்குமா?

பதில்: முதலில் அடிவாங்குவது காது. விமானம் இறங்கும்போது கேபினில் காற்றழுத்தம் கூடும். ஜலதோஷம் இருந்தால் தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறக்காது; செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கும், கிழியவும் கூடும். படி போகுமே என்று மூக்கடைப்போடு பறந்தால் வாரக்கணக்கில் தரையில் உட்கார நேரிடும். அடுத்தது முதுகு. சாப்பாடு, பானம் நிரம்பிய பெரிய டிராலி சுமார் 80 கிலோ. மேலே சீராகப் பறக்கும்போதும் விமானத்தின் மூக்கு இரண்டு மூன்று டிகிரி தூக்கியே இருக்கும் என்பதால், முன்பக்கம் தள்ளுவது மேட்டில் தள்ளுவதுதான். தூக்கம் கெடுவதைச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: சலுகை டிக்கெட் உண்டாமே?

பதில்: உண்டு, கட்டணத்தில் சிறு பங்குதான். ஆனால் பெரும்பாலும் இடம் காலியாக இருந்தால் மட்டுமே ஏற்றுவார்கள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜாலியாகப் போய்வரலாம். தீபாவளிக்கு அதை நம்பிக் கிளம்பினால் பண்டிகை ஏர்போர்ட்டிலேயே கழியும்.