கால் புண்ணிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு

ரங்கூனில் தேங்கிய மழைத்தண்ணீரில் நடந்து அம்மாவுக்குச் சேற்றுப்புண், இப்போது கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவப்புக் கோடு, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது, மஞ்சளும் தனக்காவும் (பர்மாவில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அரைத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அந்தக் கோடு ரத்தக்குழாய் இல்லை, நிணநீர்க் குழாய், அதாவது திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகும் குழாய். விரலிடுக்கில் தோல் வெடித்த இடம் வழியாக பாக்டீரியா நுழைந்திருக்கும், பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது திசுக்களைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து வழி பண்ணிக்கொண்டு நிணநீரில் ஏறுகிறது. போகிற பாதை அழற்சியால் சிவக்கிறது. தொடையிடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சு ஒரு சோதனைச்சாவடி மாதிரி. வெள்ளணுக்கள் கிருமியை அங்கே மடக்கிச் சண்டை போடுவதால்தான் நெறி வீங்கி வலிக்கிறது. அதையும் தாண்டினால், நிணநீர் கழுத்தருகே சிரையில் கலக்கும்போது கிருமியும் ரத்தத்துக்குள் போய்விடும். அதனால் நெறியை நீவி விடாதீர்கள், காலில் கயிறும் கட்டாதீர்கள். டாக்டரிடம் போகும்வரை காலை உயர்த்தி வைத்தால் போதும்.

கிளம்பும்முன் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, நேரத்தையும் குறித்துவிடுங்கள். மருந்து கேட்கிறதா என்று அதை வைத்துத் தெரியும். சர்க்கரை இருக்கிறதா, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரில் இருக்கக்கூடிய எலிக்காய்ச்சல் கிருமியும் அதே வெடிப்பில் நுழையக்கூடியது. குளிர்நடுக்கம், மூச்சுவாங்கல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். கொடுத்த ஆன்டிபயாடிக்கை, வலி நின்றதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். போய் வந்து இங்கே எழுதுங்கள்.