மச்சாளுக்குக் கிடைக்காத அஸ்வெசும

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறோம். கணவர் மேசனுக்குக் கையாளாகப் போகிறார். மாதம் 15 நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம். இரண்டு பிள்ளைகள். எங்களுக்கு அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும ‘வறிய’ பிரிவில் மாதம் 10,000 ரூபா வருகிறது. பக்கத்துக் காணியில் இருக்கும் மச்சாளுக்கு, கணவரின் தங்கைக்கு, இரண்டு தரம் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. அவவின் வீட்டுக்காரர் கடற்றொழில். “உங்களுக்கு மட்டும் அரசாங்கம் தருது” என்று மாதாமாதம் கதை. இப்போது படகு எஞ்சின் வாங்க என் பெயரில் ஒன்றரை இலட்சம் நுண்கடன் எடுத்துத் தரச் சொல்கிறா. 24 மாதம், மாதம் 10,000. அஸ்வெசும காசிலேயே கட்டிவிடலாம் என்கிறார் கம்பனியில் இருந்து வரும் பொடியன். ஏன் அஸ்வெசுமவை எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கொடுக்கிறார்கள் இல்லை? கடனை எடுக்கலாமா? மூத்தவன் போனில் ஏதோ அப் ஒன்றில் காசு போட்டால் மாதம் 10 வீதம் தருவார்களாம் என்கிறான். ஏற்கெனவே ஊரில் ஓர் அக்காவிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 40,000 வாங்கி 14 மாதம் ஆகிறது. வங்கிக் காட் அவவிடம்தான் இருக்கிறது. ஒன்றரைப் பவுண் சங்கிலி ஒன்று உண்டு, விற்க மனமில்லை. (2025 ஜூன்)

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது ஒன்றரை இலட்சத்தைப் பற்றி. என் கண்ணில் பட்டது கடிதத்தின் கடைசிக்குக் கிட்ட, போகிற போக்கில் எழுதிய வரி: “வங்கிக் காட் அவவிடம்தான் இருக்கிறது.” மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான்.

மாதம் அஸ்வெசும காசு கணக்கில் விழுகிற அன்று அந்த அக்கா உங்கள் காட்டால் 10,000ஐயும் எடுத்து, தன் வட்டி 4,000ஐக் கழித்து, மிச்சம் 6,000ஐ உங்கள் கையில் வைக்கிறா. 14 மாதத்தில் 56,000 போய்விட்டது. முதல் 40,000இல் ஒரு சதமும் குறையவில்லை. இப்படியே இன்னும் பத்து வருடம் போனாலும் குறையாது. அரசாங்கம் உங்களை ‘வறிய’ பிரிவில் போட்டு 10,000 அனுப்புகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிக்கவே தேவையில்லாத ஒருவருக்குப் போய்ச் சேருகிறது.

கம்பனிப் பொடியனின் கணக்கையும் பார்ப்போம். ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் இரண்டரை வீதம் என்று சொல்லியிருப்பார். 3,750 வட்டி, 24 மாதத்துக்கு 90,000. மொத்தம் 2,40,000. இருபத்துநாலால் பிரித்தால் சரியாகப் பத்தாயிரம். உங்களுக்கு வரும் தொகையும் தவணையும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் யாருக்கு எவ்வளவு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கேற்பத்தான் கடனை வெட்டித் தைக்கிறார்கள். கட்டக் கட்ட முதல் குறைந்துகொண்டு போகும், வட்டி மட்டும் முழு ஒன்றரை இலட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடப்படும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே ஒரு 6,000ஐக் கழித்தால் கைக்கு வருவது 1,44,000. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி மாதம் நாலரை வீதத்துக்கும் சற்று மேல், வருடத்துக்கு 55 வீதம் அளவில் நிற்கும். ‘வருடம் 30’ என்பது வாயால் சொல்கிற வட்டி.

அதைவிடப் பெரிய ஓட்டை காலத்தில் இருக்கிறது. 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது நான்கு பிரிவு: மிக வறியோர் 4 இலட்சம் குடும்பத்துக்கு 15,000, வறியோர் 8 இலட்சத்துக்கு 8,500, அபாயத்துக்குட்படக்கூடியோர் 4 இலட்சத்துக்கு 5,000, நிலைமாறும் பிரிவினர் 4 இலட்சத்துக்கு 2,500. கடைசி இரண்டு பிரிவுக்கும் குறுகிய தவணைதான் முதலில் எழுதப்பட்டது, பிறகு நீட்டினார்கள். உங்கள் பிரிவுக்கும் மிக வறிய பிரிவுக்கும் மூன்று வருடம். 2025 ஜனவரியில் 8,500ஐ 10,000 ஆகவும் 15,000ஐ 17,500 ஆகவும் உயர்த்தியது நல்ல விஷயம். ஆனால் மூன்று வருடம் 2026 ஜூனோடு முடிகிறது. அதன் பிறகு நீட்டலாம், திரும்பவும் கணக்கெடுத்து உங்களை வேறு பிரிவுக்கு மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். எழுத்தில் இருப்பது இன்னும் 12 மாதம். நீங்கள் எடுக்கப்போவது 24 மாதக் கடன். பாதி வழியில் காசு நின்றால் மீதி 1,20,000ஐ மாதம் 15 நாள் கூலியில் கட்டுவீர்களா? மச்சாள் கட்டுவா என்று சொல்லாதீர்கள். கையெழுத்து உங்களுடையது. தவணை தப்பினால் கம்பனிக்காரர் முற்றத்தில் வந்து குந்தியிருப்பதும் உங்களைத் தேடித்தான்.

இனி, ஏன் எல்லாருக்கும் கொடுக்கவில்லை என்ற கேள்வி. இது மச்சாளின் வாயில் இருந்து வந்திருந்தாலும் நியாயமான கேள்வி, பொருளியல் படித்தவர்களே இதில் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள்.

மேலே சொன்ன நான்கு பிரிவையும் பெருக்கிக் கூட்டினால் மாதம் சுமார் 1,580 கோடி ரூபா. இலங்கையில் குடும்பங்கள் 57 இலட்சம் அளவில். அதே காசை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 2,750 ரூபா. கொழும்பில் இரண்டு கார் வைத்திருப்பவருக்கும் 2,750, உங்களுக்கும் 2,750, கூரை ஒழுகும் விதவைத் தாய்க்கும் 2,750. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் கைவிரித்த அரசாங்கத்திடம் இதற்கு மேல் காசு இல்லை. தெரிந்தெடுத்துக் கொடுப்போரின் வாதம் இதுதான், எண்ணளவில் பிழையும் இல்லை.

பிழை வருவது தெரிந்தெடுக்கிற இடத்தில். வருமானத்தைச் சம்பளத் துண்டில் பார்க்க முடியாத நாடு இது. அதனால் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறையில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். சொத்தும் வீடும் மெதுவாகத்தான் மாறும். நெருக்கடியில் வருமானம் ஒரே கிழமையில் விழும். இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய கல்வீடும், பழைய மோட்டார் சைக்கிளும், கரையில் நிற்கும் படகும் படிவத்தில் அப்படியே இருக்கும். அடுப்பு எரிகிறதா என்பது படிவத்தில் வராது. மச்சாள் வீடு இப்படித்தான் கோட்டுக்கு வெளியே போயிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

அவர்களுக்கு அடி இரண்டு பக்கத்தாலும் விழுந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. ஒரு தரம் கடலுக்குப் போக 15 லீற்றர் என்று வைத்தால் 1,305 ரூபாச் செலவு 5,100 ஆகிவிட்டது. விலை மானியம் என்பது எல்லாருக்குமான கொடுப்பனவு, யாரும் படிவம் நிரப்பத் தேவையில்லை. அதை எடுத்துவிட்டு, தெரிந்தெடுத்த சிலருக்குக் காசு என்று மாற்றினார்கள். பழையதை இழந்து புதியதும் கிடைக்காத வீடு மச்சாளுடையது. அவவின் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பைத் தலையில் சுமக்க வேண்டியது நீங்கள் அல்ல. எல்லாருக்கும் கொடுத்திருந்தால் அவ உங்கள் படலைக்கு வந்திருக்க மாட்டா, உங்களுக்கும் பத்தாயிரம் வந்திருக்காது.

என் நிலைப்பாட்டைக் கேட்டால்: விலைகள் வருடத்துக்கு எழுபது வீதம் ஏறிக்கொண்டிருந்த 2022இன் அந்த மாதங்களில் வயோதிபருக்கும் சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு, கணக்கெடுப்பைப் பிறகு ஆறுதலாகச் செய்திருக்கலாம். அஸ்வெசும காசு வந்தது 2023இன் பிற்பாதியில், அப்போது விலையேற்றம் ஏற்கெனவே அடங்கத் தொடங்கியிருந்தது. இன்னொன்றும் மறக்க வேண்டாம். ஒரு காலத்தில் எல்லாருக்குமாக இருந்த அரிசிப் பங்கீட்டை 1978இல் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள், 1979இல் அதன் இடத்தில் வருமானம் பார்த்துக் கொடுக்கும் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் ரூபாப் பெறுமதி அப்படியே நிற்க, சாமான் விலை ஏறி, இரண்டு மூன்று வருடத்தில் அதன் வாங்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. இப்படிப்பட்ட கொடுப்பனவை ஓய்வூதியம் போல நினைத்துக் கடனுக்கு ஈடு வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. நாளைக்கே அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கணக்கு இருக்கும் கிளைக்குப் போய், காட்டை நிறுத்தி, புதிய காட்டும் புதிய இரகசிய இலக்கமும் எடுங்கள். அக்காவிடம் போய்க் காட்டைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அழுகையும் ஏச்சும்தான் மிஞ்சும். புதிய இலக்கத்தைக் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லாதீர்கள், மூத்தவன் உட்பட.

அதே நாளில் சங்கிலியை அரச வங்கியில் அடைவு வையுங்கள். விற்கச் சொல்லவில்லை. ஒன்றரைப் பவுணுக்கு வங்கி 40,000ஐவிடப் பல மடங்கு தரத் தயாராக இருக்கும், “கூட எடுங்கோ” என்றும் சொல்வார்கள். எடுக்காதீர்கள். நாற்பதுக்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். அன்றைக்கே அதை அக்காவிடம் கொடுத்து, ‘முதல் முழுதும் தீர்ந்தது’ என்று திகதி போட்டு எழுதி, அக்கம்பக்கத்தில் ஒருவரைச் சாட்சி வைத்து வாங்குங்கள். வெற்றுத்தாளிலோ முத்திரையிலோ முன்பு கையெழுத்து வைத்திருந்தால் அதையும் திருப்பி வாங்கிக் கிழியுங்கள்.

அடைவு வட்டியை வருடம் 15 வீதம் என்றே வைப்போம். மாதம் 500. இதுவரை அக்காவுக்குப் போன அதே 4,000ஐ வங்கிக்குக் கட்டினால் 500 வட்டி, 3,500 முதல். முதல் குறையக் குறைய வட்டியும் குறையும், 11, 12 மாதத்தில் சங்கிலி கையில். உங்களுக்கு இப்போது மிஞ்சும் 6,000 அப்படியே மிஞ்சும், வீட்டுச் செலவில் கை வைக்கத் தேவையில்லை. ஜூன் 2026இல் கொடுப்பனவு என்ன ஆனாலும் கடன் இருக்காது. பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று வைக்கும் முன்பே கேளுங்கள். சில இடங்களில் முறையாகச் சொல்லாமல் விடுகிறார்கள். விடாவிட்டால் காட் இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கில் மாதம் 4,000 போட்டு வந்து ஒரேயடியாக மீட்கலாம். அடைவுத் துண்டில் இருக்கும் கடைசித் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அது தப்பினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும்.

அப் விஷயம்: மாதம் 10 வீதம் தருவதாகச் சொல்வது யாராக இருந்தாலும் பின்னால் சேருபவரின் காசைத்தான் முன்னால் சேர்ந்தவருக்குத் தருகிறார். பிரமிட் முறை இலங்கைச் சட்டத்தில் குற்றம், சேர்த்துவிடுகிறவரும் மாட்டுவார். மூத்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மச்சாளுக்கு உங்கள் பெயர் தேவையில்லை, ஒழுங்காக எழுதிய மேன்முறையீடுதான் தேவை. “நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம்” என்று இரண்டு பக்கம் எழுதி ஒரு பயனும் இல்லை, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எந்த விபரம் பிழையாகப் பதியப்பட்டது என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். படகு பதிவில் இருந்தாலும் எஞ்சின் ஓடவில்லை என்றால் கடற்றொழில் சங்கத்திடம் கடிதம். மோட்டார் சைக்கிள் விற்றாயிற்றென்றால் உரிமை மாற்றப் பத்திரம். கடந்த 12 மாத மின்சாரப் பட்டியல், யாருக்காவது நீண்டகால நோய் இருந்தால் கிளினிக் கொப்பிப் பிரதி. விண்ணப்ப இலக்கத்தோடு பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். விதானையாரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது மேன்முறையீடு ஆகாது. எஞ்சினுக்கு, அவவின் கணவர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால் தன் பெயரில் அங்கே கேட்கட்டும். பிடித்த மீனில் இருந்து கழித்துக் கட்டும் கடன் கடலோட்டத்துக்கு ஏற்ப நகரும்.

உறவு முறியக் கூடாது என்றால் மாதம் ஆயிரம் ரூபாவுக்கு அரிசியோ மாவோ வாங்கிக் கொடுங்கள். காசாகக் கொடுக்க வேண்டாம், அடுத்த மாதம் அது தொகையாகக் கேட்கப்படும். கம்பனிப் பொடியன் அடுத்த கிழமை வந்தால் கணவர் முன்னால் நின்று கதைக்கட்டும். படிவத்தில் உங்கள் அடையாள அட்டைப் பிரதியை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதை முதலில் திருப்பிக் கேளுங்கள்.