மாணவர்கள் தட்டினால் முழங்கால் அனிச்சை வருவதில்லை

மருத்துவ மாணவர்கள் முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டியும் கால் தானாக உதைக்கும் அனிச்சை வரவில்லையா? சுத்தியலை மாற்ற வேண்டாம், பிடியை மாற்றச் சொல்லுங்கள். மாணவர்கள் எல்லோரும் ‘அனிச்சை இல்லை’ என்று எழுதிய அதே நோயாளியிடம் நீங்கள் தட்டியதும் வந்துவிட்டது என்றால், அவர்கள் பெரும்பாலும் சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்துக் கொத்துகிறார்கள். காம்பின் நுனியைத் தளர்வாகப் பிடித்து, ஊசல்போல் விழவிட வேண்டும்.

அப்புறம், இன்னொரு கையைத் தொடையின் முன்தசைமேல் வைக்கட்டும். கால் அசையாவிட்டாலும் தசை சுருங்குவது உள்ளங்கையில் தெரியும். அதுவும் இல்லையா? அனிச்சையை வலுப்படுத்தும் யென்ட்ராசிக் முறை இருக்கிறது: நோயாளி இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்க, அந்த நொடியிலேயே தட்ட வேண்டும். முன்னதாகவே இழுக்க வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் மாணவர்களின் வழக்கம்! இதற்கும் வராவிட்டால்தான் ‘இல்லை’ என்று எழுதலாம்.

இன்னொரு விஷயம், வயதானவர்களுக்குக் கணுக்கால் அனிச்சை நோய் எதுவும் இல்லாமலே மறைந்திருக்கலாம்.