ஆறு வயதில் கராத்தே: முதல் வருடம் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது முடியப் போகிறது. பக்கத்துத் தெருவில் மொட்டை மாடியில் கராத்தே கிளாஸ் நடக்கிறது. சேர்க்கலாமா? முதலில் என்னென்ன சொல்லித் தருவார்கள்? நல்ல வகுப்புதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கராத்தே பற்றி ஒன்றுமே தெரியாது.

பதில்:

தாராளமாகச் சேர்க்கலாம். சொன்னதைக் கேட்டு வரிசையில் நிற்கவும், இடது வலது தடுமாறாமல் சொல்லவும் வந்துவிட்டால் ஆறு வயது சரியான வயதுதான். ஐந்துக்குக் கீழே இருக்கும் குழந்தைகளை ஓடியாடி விளையாட விடுவதே நல்லது. அந்த ஓட்டமும் தாவலும் பின்னால் வகுப்பில் கைகொடுக்கும்.

நான் ஷோட்டோகான் முறையில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். உங்கள் தெரு மாஸ்டர் கோஜூ ரியூ, ஷிட்டோ ரியூ என்று வேறு முறைக்காரராக இருந்தால் நிற்கும் நிலைகளும் பெயர்களும் கொஞ்சம் மாறும். முதல் வருடப் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிற்பது, முஷ்டி பிடிப்பது, நேராக ஒரு குத்து, இரண்டு மூன்று தடுப்பு, ஒரே ஒரு உதை, ஒரு கட்டா (தடுப்பு, குத்து அசைவுகளை வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்யும் பயிற்சி). கேட்க இவ்வளவுதானா என்று இருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு இதற்கே ஒரு வருடம் ஆகும், ஆகவும் வேண்டும். மூன்று மாதத்தில் இதை ஓட்டிவிட்டு சுழன்று உதைப்பது, குதித்து உதைப்பது என்று போகும் வகுப்புகளைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

"பெரியவர்கள் சண்டைக்குக் கற்கும் வித்தை, பச்சைக் குழந்தைக்கு எதற்கு?" என்று வீட்டில் யாராவது கேட்கலாம். கேட்டால் அவர்களுக்கு ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் வாழ்ந்த கராத்தே ஆசான் அன்கோ இதோசுவைப் பற்றிச் சொல்லுங்கள். அவருக்கு முன்பு கராத்தே சிலருக்கு மட்டும், ஊர் அறியாமல் சொல்லித் தரப்பட்ட கலை. 1901ஆம் ஆண்டு வாக்கில் அவர்தான் அதை அங்கே ஆரம்பப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். பழைய கட்டாக்கள் நீளமானவை, பிள்ளைகளுக்குப் பிடிபடாதவை என்பதால் பினான் என்று ஐந்து சிறிய கட்டாக்களை அமைத்துக் கொடுத்தார். அவரிடம் கற்ற கிச்சின் ஃபுனகோஷியும் பள்ளி ஆசிரியர்தான். 1922இல் டோக்கியோவில் செயல்விளக்கம் காட்டி, அங்கேயே தங்கி இந்தக் கலையைப் பரப்பினார். பினான் வரிசைக்கு ஹெயான் என்று பெயர் மாற்றியவரும் அவரே. அப்போது முதல் கட்டாவையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார், எளிதானது முன்னால் வந்தது. ஆக, உங்கள் மகள் வகுப்பில் கற்கப்போகும் பாடத்தில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்தே உருவானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்படி முன்னால் வந்த ஹெயான் ஷோடான் என்ற கட்டாவில் இருபத்தொரு அசைவு. அதில் ஒரு உதைகூடக் கிடையாது. கீழ்த்தடுப்பு, மேல்தடுப்பு, கத்திக்கைத் தடுப்பு, குத்து, திரும்புவது, பெரும்பாலும் இவ்வளவுதான். சேர்ந்த மறுநாளே "எப்போ மாஸ்டர் கிக்கு?" என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். கேட்கட்டும். கால் ஊன்றி நிற்கத் தெரியாத பிள்ளை உதைத்தால் தானே விழும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று தெரிய வேண்டும் இல்லையா?

முதலில் முஷ்டி. சின்னப் பிள்ளையை "கையை மூடு" என்று சொன்னால் கட்டைவிரலை உள்ளே வைத்துத்தான் மூடும். அப்படியே எதையாவது குத்தினால் கட்டைவிரல் மூட்டு பிசகிவிடும், எலும்பு முறிந்தாலும் ஆச்சரியமில்லை. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, கட்டைவிரலை வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே படிய வைக்க வேண்டும். குத்து படும் இடம் அந்த இரண்டு விரல்களின் பெரிய கணுக்கள் மட்டுமே. முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்கக் கூடாது. சேர்ந்து பல வாரம் ஆன பிள்ளைகளின் கட்டைவிரல் இன்னும் உள்ளேயே இருந்தால், அந்த வகுப்பில் யாரும் பிள்ளைகளின் கையைப் பார்ப்பதில்லை என்று பொருள்.

அடுத்தது குத்து. பெற்றோர் எல்லோரும் முன்னால் போகும் கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பின்னால் வரும் கையைப் பாருங்கள். தயிர் கடையும்போது மத்துக் கயிற்றில் ஒரு கை போக மறு கை வருகிறதே, அதே மாதிரி ஒரு முஷ்டி முன்னே போகும் அதே நேரத்தில் மற்றது இடுப்புக்குத் திரும்பி வர வேண்டும், உள்ளங்கைப் பக்கம் மேலே பார்த்தபடி. இதை ஹிகிதே என்பார்கள். இந்த இழுப்பு வந்துவிட்டால் தோள் தூக்காது, உடம்பு கோணாது, குத்துக்கு பலம் தானாக வரும். முழங்கையை வெடுக்கென்று கடைசிவரை நீட்டி 'லாக்' செய்யாமல், நீளும் முன்பே நிறுத்தச் சொல்லித் தருகிறார்களா என்பதும் முக்கியம். காற்றில் ஒரே நாளில் ஐம்பது, நூறு குத்து போடும் பிள்ளைக்கு முழங்கை வலி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

நிற்கும் நிலைகளில் பிள்ளைகளுக்குக் கஷ்டமானது ஜென்குட்சு தாச்சி. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்பது. முன்கால் முழங்கால் பாத விரல்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. பின்குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. இரண்டு கால்களுக்கும் நடுவே பக்கவாட்டில் இடுப்பளவு இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள். இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு தள்ளாடுவார்கள். தரையில் டைல்ஸ் கோடு இருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே செய்யலாம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

உதை என்றால் மாயே கெரி, முன்னுதை. அதற்கு நான்கு கட்டம் உண்டு: முழங்காலைத் தூக்கு, நீட்டு, மடக்கு, கீழே வை. பிள்ளைகள் நீட்டுவதோடு நிறுத்திவிட்டு, மடக்காமல் அப்படியே தொம்மென்று காலைப் போடுவார்கள். மடக்கித் திரும்ப இழுக்கும் மூன்றாவது கட்டம்தான் சமநிலையைத் தருவது. கால் விரல்களை மேலே மடக்கி, விரல்களுக்குக் கீழே உள்ள தடித்த பகுதியால் உதைக்க வேண்டும். ஆறு வயதுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். தரையில் இப்போது எந்த இடம் ஒட்டியிருக்கிறதோ, உதையும் அந்த இடத்தால்தான் என்று தொட்டுக் காட்டினால் அப்போதே பிடித்துக்கொள்ளும். உயரம் முக்கியமே இல்லை. தன் வயிற்றளவுக்கு ஒழுங்காக உதைத்தால் முதல் வருடத்துக்கு அது மிக நல்ல உதை.

பெண் குழந்தை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. கட்டாவில் சில இடங்களில் வயிற்றிலிருந்து உரக்கக் குரல் கொடுக்க வேண்டும், அதற்குக் கியாய் என்று பெயர். பையன்கள் முதல் நாளே கத்தித் தீர்த்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளில் பலருக்குக் குரலே எழும்பாது. "மெதுவாப் பேசு, சத்தம் போடாதே" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் குரல் ஒருநாள் முழுதாக வெளியே வரும்போது பிள்ளையின் நிற்கும் விதமே மாறிப்போகும், கண் நேராகப் பார்க்கும். என் வகுப்பில் நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது இதைத்தான். வீட்டில் அவள் கத்திப் பழகினால் தயவுசெய்து அடக்காதீர்கள்.

தற்காப்பு என்ற பெயரில் யாராவது "ஆறு மாசத்துல உங்க பொண்ணு யாரையும் அடிச்சுப் போட்டுடும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். இருபது கிலோ எடையுள்ள குழந்தை வளர்ந்த ஆளை அடித்து வீழ்த்த முடியாது. கத்துவது, கையை உருவிக்கொண்டு ஓடுவது, நடந்ததை உடனே அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்வது: இந்த மூன்றுதான் அந்த வயதின் தற்காப்பு. நல்ல வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். கூடவே, பெற்றோர் பார்க்கும்படி வகுப்பு திறந்த இடத்தில் நடக்க வேண்டும். பிள்ளையின் நிலையைத் திருத்தும்போது மாஸ்டர் வாயால் சொல்லியோ, தான் நின்று காட்டியோ திருத்துகிறவராக இருக்க வேண்டும். "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஜோடியாகச் செய்யும் பயிற்சி சில மாதம் கழித்து வரும். ஒருவர் ஐந்து முறை அடியெடுத்து முன்னேறிக் குத்த, மற்றவர் ஐந்து முறையும் பின்வாங்கித் தடுத்துவிட்டு ஐந்தாவதில் திருப்பிக் குத்துவது கோஹோன் குமிதே. எங்கே குத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குத்த வேண்டும். குத்து எதிராளியின் உடம்பைத் தொடாமல் சற்று முன்பே நிற்க வேண்டும். அடுத்தவரை நோக்கிப் போகும் கையைத் தன் விருப்பப்படி நிறுத்தத் தெரிந்த பிள்ளை பள்ளியில் கைநீட்டாது. கராத்தே கற்றால் பிள்ளை முரடாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். முழு குமிதே, அதாவது இருவர் நேருக்கு நேர் மோதும் போட்டிக்கு அவசரமே இல்லை. போகும்போது முகக் கவசம், மார்புக் கவசம், கையுறை, பல் காப்பு இல்லாமல் அனுப்பவே கூடாது.

இந்த வயதில் செய்யவே கூடாதவை சில உண்டு. சிமெண்டுத் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால், ஓடு உடைப்பது, கட்டையில் குத்திக் குத்திக் கணுவைக் காய்ப்பாக்குவது, காலை விரித்து உட்காரவைத்து மேலிருந்து இன்னொருவர் அழுத்துவது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் ஓரிரு வருடம் கழித்தும்தான் அது முழுதாக எலும்பாகிறது. அதற்கு முன்பு அந்த இடத்தில் அடிபட்டால் விரல், மணிக்கட்டு, முழங்கால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். ஆண்டு விழாவில் மேடையேற்றிக் குழந்தையைவிட்டு ஓடு உடைக்கச் செய்து கைதட்டல் வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கைதட்டுகிற பெற்றோருக்கு இந்த விவரத்தை யாரும் சொல்வதில்லை.

பெல்ட் விஷயத்தைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பெல்ட் டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கட்டணம் எவ்வளவு, தேறாவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். "எல்லாரும் பாஸ்தான், கவலைப்படாதீங்க" என்ற பதில் எனக்குப் பிடிக்காது. வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குப் போக ஆறு மாதம் ஆனால் தப்பே இல்லை. இரண்டு வருடத்தில் பிளாக் பெல்ட் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பெல்ட் கிடைக்கும், கராத்தே கிடைக்காது. ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு நான்கைந்து வருடமாவது ஆகும். பிளாக் பெல்ட்டுக்குப் பிறகும் படிப்பு இருக்கிறது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் பத்து நிமிடம், வெறுங்காலோடு, வழுக்காத தரையில். இச்சி, நி, சான், ஷி, கோ என்று ஜப்பானிய மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை அவள் எண்ண, நீங்களும் கூடவே எண்ணுங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள், சமநிலைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. அவள் செய்வதைத் திருத்தாதீர்கள், பாருங்கள் போதும். வகுப்பில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு "கையைத் தூக்குடீ" என்று கத்துவதும் வேண்டாம். பிள்ளை மாஸ்டரையும் பார்க்காது, உங்களையும் பார்க்காது, குழம்பிப்போகும்.

யூனிஃபார்ம் முதல் மாதமே வாங்க வேண்டியதில்லை. டீ சர்ட்டும் டிராக் பேண்டும் போதும். வாங்கும்போது கொஞ்சம் பெரிய அளவாக எடுங்கள், பருத்தித் துணி ஒரு சலவையில் சுருங்கிவிடும். மேல்சட்டையில் இடது பக்கம் வலது பக்கத்தின் மேல் வர வேண்டும், இதைப் பல பெற்றோர் மாற்றிப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

பணம் கட்டும் முன்பு ஒரு நாள் போய் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசையில் நன்றாகச் செய்கிற பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே இடது வலது தெரியாமல் திணறும் பிள்ளையிடம் மாஸ்டர் எத்தனை முறை போகிறார், என்ன குரலில் பேசுகிறார், கையில் பிரம்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் மகள் முதல் சில மாதம் நிற்கப்போவது அந்த வரிசையில்தான்.

அந்த மாஸ்டர் எந்த முறை என்று விசாரித்துக் கீழே எழுதினால், அதில் முதலில் வரும் கட்டா எது, வீட்டில் எப்படிப் பழக்கலாம் என்று சொல்கிறேன்.