ஆடு மேய்ந்தால் பூ என்ன ஆகும்?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள், தேம்ஸ் ஆற்றோரம் ஹார்ட்ஸ்லாக் என்ற சுண்ணாம்புக்கல் குன்றுக்குக் கூட்டிப்போனாள். அபூர்வப் பூக்களுக்காகப் பாதுகாக்கும் இடமாம், ஆனால் அங்கேயே செம்மறி ஆடும் மேய விடுவார்களாம். பூவைத் தின்றுவிடாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தின்னும்தான், ஆனால் எப்போது விடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பூத்து விதை சிந்திய பிறகு, பெரும்பாலும் இலையுதிர், குளிர் காலங்களில்தான் மேய்ச்சல். மேயாமல் விட்டால் முரட்டுப் புல்லும் முட்புதரும் ஏறி, சின்னச் செடிகளுக்கு வெயிலே கிடைக்காது. 1953-ல் ஒரு தொற்றுநோய் வந்து புல்லை மேய்ந்துவந்த பிரிட்டன் முயல்களைக் கூட்டம்கூட்டமாகக் கொன்றபோது பல சுண்ணாம்புக் குன்றுகள் இப்படித்தான் புதர் மண்டிப் போயின.

இன்னொன்று, நம் வயல் கணக்கு அங்கே செல்லாது. மண் ஆழமில்லாமல், சத்தில்லாமல், வறண்டு கிடப்பதால்தான் எந்தச் செடியும் மற்றதை அமுக்க முடியாமல் ஒரு சதுர மீட்டரில் 40 வகை வரைகூடச் சேர்ந்து வாழ்கின்றன. உரம் போட்டால் கதை முடிந்தது.

மே மாதம் போயிருந்தால் குரங்கு ஆர்க்கிட் என்ற பூவைப் பார்த்திருப்பீர்கள்: கை, கால், வால் எல்லாம் வைத்த குட்டிக் குரங்கேதான்! பிரிட்டனில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது. இதுவும் லேடி ஆர்க்கிட் என்ற இன்னொரு வகையும் கலந்த ஒரு கலப்பினம் 2006-ல் அங்கே பூத்தது.

அப்புறம், ஆசைப்பட்டு ஒன்றைக்கூடப் பறித்துவிடாதீர்கள், பிரிட்டனின் 1981-ஆம் வருட வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தாலும் பிழைப்பது சந்தேகம்தான், அதன் விதை முளைப்பதற்கே மண்ணில் ஒரு பூஞ்சையின் துணை வேண்டும்.